பேருந்து இருக்கையில் கிடந்த தாலிக்கொடி: யாரிடம் ஒப்படைப்பது?

பொன்மலையான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது, சன்னலோர இருக்கைக்கும் பக்கத் தகரத்துக்கும் நடுவில் ஒரு சுருக்குப் பை செருகிக் கிடந்ததைப் பார்த்தேன். நடத்துநர் அதற்குள் இறங்கிப் போய்விட்டார். அடுத்த நடைக்குக் கூட்டம் ஏறத் தொடங்கியது. வேறு வழி தோன்றாமல் பையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு தாலிக்கொடி, உதிரியாக இரண்டு பொன் குண்டுகள், நாலாக மடித்த ஓர் அடகுச் சீட்டு, கொஞ்சம் சில்லறை. சீட்டு இந்தக் கொடிக்கானது அல்ல. "கம்மல் ஒரு ஜோடி" என்று எழுதியிருக்கிறது. கடையின் பெயரும் உரிம எண்ணும் தெளிவாக இருக்கின்றன. அடகு வைத்தவரின் பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் ஈரம் பட்டு மை ஊறி, ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. மனைவி, காவல் நிலையத்துக்குப் போவோம் என்கிறாள். மைத்துனர், அங்கே கொடுத்தால் உரியவருக்குப் போய்ச் சேரும் என்று என்ன நிச்சயம் என்கிறார். அம்மா, ஆள் தெரியாவிட்டால் சமயபுரம் உண்டியலில் சேர்த்துவிடு, பாவம் நம்மை ஒட்டாது என்கிறார். சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தாலியைத் தொலைத்துவிட்டு அந்தப் பெண் வீட்டில் என்ன பாடு படுகிறாளோ என்ற நினைப்பே என்னை வாட்டுகிறது.

இரட்டை விசில்

தம்பி, முதலில் உங்கள் பயணச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்த வண்டி, எந்த நேரம் என்பதற்கு அதுதான் சாட்சி.

நான் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டியில் கிடைக்கும் பொருளை நடத்துநர் பணிமனையில் ஒப்படைப்பார், அங்கே எழுதி வைப்பார்கள். குடை, டிபன் கேரியர், எக்ஸ்ரே உறை என்று எத்தனையோ ஒப்படைத்திருக்கிறேன். கல்லூரிச் சேர்க்கைக்குப் போகும் பிள்ளைகள் சான்றிதழ் உறையை மேல்தட்டில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். திரும்பி ஓடி வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

பொருளைத் தொலைத்தவர்கள் முதலில் ஓடி வருவது காவல் நிலையத்துக்கு அல்ல, பேருந்து நிலையத்து நேரக் காப்பாளர் அறைக்கு. ஆகவே இன்றே அங்கே போய், இந்த வழித்தடத்தில் இந்த நடையில் ஒரு பொருள் கிடைத்திருக்கிறது, தேடி வருகிறவர் என்னை அழைக்கட்டும் என்று உங்கள் எண்ணைக் கொடுங்கள். என்ன பொருள் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். சொன்னால் மாலைக்குள் நாலு பேர் உரிமை கொண்டாடி வருவார்கள்.

தாமிரபரணி வழக்குரைஞர்

பொன்மலையான் அவர்களே, சட்டத்தில் உங்கள் நிலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கீழே கிடந்த பொருளை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் எடுத்த நொடியில் பொறுப்பு வந்துவிடுகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவருக்கு, ஒருவர் நம்பிக் கொடுத்துவைத்த பொருளைக் காப்பவருக்கு உள்ள அதே பொறுப்பைச் சுமத்துகிறது. எவ்வளவு கவனமாகக் காக்க வேண்டும் என்பதை 151ஆம் பிரிவு சொல்கிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே மதிப்புள்ள தன் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அப்படி. உங்கள் நகையைப் பீரோவில் பூட்டிவிட்டு, இதை மட்டும் அலமாரித் தட்டில் வைத்துக் காணாமல் போனால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது குற்றவியல் பக்கம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 403ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு. பிறர் அசையும் பொருளை நேர்மையற்று தனதாக்கிக்கொள்வது குற்றம். முன்பு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று இருந்தது. இப்போது குறைந்தது ஆறு மாதம், அதிகம் இரண்டு ஆண்டு சிறை, அதோடு அபராதமும் உண்டு. உரியவருக்குத் திருப்பித் தரும் நோக்கத்தில் எடுப்பது குற்றமல்ல என்று சட்டமே தெளிவாக விளக்குகிறது. ஆனால் உரியவர் யார் என்று தெரிந்திருந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும், அல்லது நியாயமான முயற்சி எடுத்து நியாயமான காலம் காத்திருக்காமலும் தனதாக்கிக்கொண்டால் குற்றம்.

இந்தப் பிரிவோடு எடுத்துக்காட்டுகள் உண்டு. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகியும் அப்படியே பொருந்துகின்றன. அதில் ஒன்று உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. ஒருவர் ஒரு காசோலையைக் கண்டெடுக்கிறார். தொலைத்தவர் யார் என்று தெரியவில்லை. ஆனால் காசோலையை எழுதியவரின் பெயர் அதில் இருக்கிறது, அவரைக் கேட்டால் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லிவிடுவார். அப்படிக் கேட்காமலே காசோலையைத் தனதாக்கிக்கொண்டால் குற்றம். உங்கள் கையில் உள்ள அடகுச் சீட்டும் அதுதான். பெயர் அழிந்திருக்கலாம், கடை அழியவில்லை. தமிழ்நாட்டில் 1943ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டம் இருக்கிறது. உரிமம் பெற்ற கடைக்காரரின் பேரேட்டில் அடகு வைத்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ஆகவே "ஆள் தெரியாது" என்ற வாதம் உங்களுக்கு இல்லை. உண்டியல் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

கரிகாலன்

சட்டம் எல்லாம் சரி ஐயா, நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. என் நண்பர் ஒருவர் சாலையில் கிடந்த கைபேசியை ஒரு காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். நன்றி சொல்லவில்லை என்பதுகூடப் பரவாயில்லை. எங்கே எடுத்தாய், ஏன் உடனே வரவில்லை, கூட வேறு என்ன எடுத்தாய் என்று அவரையே உட்காரவைத்து விசாரித்தார்கள். அன்றிலிருந்து, தங்கக் கட்டியே கிடந்தாலும் குனியமாட்டேன் என்கிறார். எடுத்தால்தானே பொறுப்பு? எடுக்காமல் கடந்து போவதே நிம்மதி.

மலர்விழி

கரிகாலன் அண்ணா, உங்கள் நண்பருக்கு நடந்தது அநியாயம். ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் கடந்து போனால் பொருள் அங்கேயே உரியவருக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்வார். அவர் யார் என்று நமக்குத் தெரியாது. பார்த்தும் போனவருக்கு அதில் பங்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? பூட்டிய வீட்டு வாசலில் கிடக்கும் பை வேறு. தொலைத்தவர் திரும்பி வந்து அங்கேயே தேடுவார், அருகில் நின்று பார்த்துக்கொண்டால் போதும். ஓடும் பேருந்தில் தொலைந்தது அப்படி அல்ல, வண்டியே இடம் மாறிவிடுகிறது.

நிலைய எழுத்தர் (பணி ஓய்வு)

காவல்துறையில் எழுத்தராக வேலை பார்த்தவன். கரிகாலன் சொன்னது நடப்பதுண்டு, மறுக்கமாட்டேன். நடந்திருக்கக் கூடாது. அதைத் தவிர்க்க வழி சொல்கிறேன்.

வெறும் கையாகப் போய் "ஐயா, இது கிடைத்தது" என்று மேசையில் வைக்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் மனுவாக எழுதுங்கள்: எந்த நாள், எந்த நேரம், எந்த வண்டி, எந்த இருக்கை, பையில் இருந்தவை என்னென்ன என்று ஒவ்வொன்றாக. முடிந்தால் எடையும். இரண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததற்குச் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவை நிலையத்தில் பதிந்ததற்கான சீட்டு, கேளுங்கள். தர மறுத்தால் உங்கள் படியில் முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். எழுத்தில் இருக்கும்போது யாரும் உங்களிடம் "வேறு என்ன எடுத்தாய்" என்று கேட்க முடியாது.

அதன்பின் நடப்பது இது. பொருள் நிலையப் பதிவேட்டில் ஏறும். நடுவர் நீதிமன்றத்துக்குத் தகவல் போகும். உரியவர் தெரியாவிட்டால், ஆறு மாதத்துக்குள் உரிமை கோரலாம் என்று நடுவர் அறிவிப்புச் செய்வார். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 457ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 503. யாரும் வராவிட்டால் பொருள் அரசின் பொறுப்புக்குப் போகும். உரியவர் தெரிந்தாலும் அவர் மனுப் போட்டுத்தான் பெற வேண்டியிருக்கும். தாமதம் ஆகும், ஆனால் பொருள் எங்கும் போகாது.

என் கருத்து: அடகுக்கடை வழியாக ஆளைப் பிடிக்க முடிந்தால் அதுவே அந்தப் பெண்ணுக்கு நல்லது. அதே நேரம் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து வையுங்கள். அவர்கள் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தால் அங்கேயே இரண்டும் பொருந்திவிடும்.

பொற்கொல்லர் தெரு

நகை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். சகோதரர் பொன்மலையானுக்குச் சில விஷயங்கள்.

கொடியின் கொக்கிப் பட்டையை நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கடை முத்திரை இருக்கும். 2021க்குப் பிறகு வாங்கியதாக இருந்தால் ஹால்மார்க் குறியோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண்ணும் இருக்க வாய்ப்பு உண்டு. அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால், எந்த நகைக்கடைக்காக முத்திரையிட்டார்கள் என்பது தெரியும். கடைக்காரரிடம் ரசீது நகல் இருக்கும். ஆசாரியிடம் கொடுத்துச் செய்த பழைய கொடி என்றால் இந்த எண் இருக்காது. அப்போது தாலியின் வடிவத்தைப் பாருங்கள். பொட்டுத்தாலி, சிறுதாலி, இலிங்கத்தாலி, பிள்ளையார் தாலி என்று குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் வேறு. அனுபவமுள்ள ஆசாரி அதைப் பார்த்தே ஓரளவுக்குச் சொல்லிவிடுவார்.

எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். குண்டுகள் கழன்று உதிரியாக இருக்கின்றன என்றால் கோத்த கயிறோ கம்பியோ அறுந்திருக்கிறது. சீர்செய்ய எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் கழுத்தில் இல்லாமல் பையில் இருந்திருக்கிறது.

படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். நகையின் படம் வெளியே போய்விட்டால், கேள்வி கேட்டு உண்மையான ஆளைக் கண்டுபிடிக்கும் வழி அடைபட்டுவிடும். வருகிறவரிடம் கேளுங்கள்: கொக்கி எப்படி இருக்கும்? குண்டு எத்தனை? எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது? தினமும் கழுத்தில் போட்டவளுக்குத் தேய்ந்த கண்ணி எது என்பதுகூடத் தெரியும்.

கரிகாலன்

எடை பார்க்க நகைக்கடைக்கு எடுத்துப் போனால், கடைக்காரர் "இது உன் பொருள் அல்லவே" என்று வைத்துக்கொண்டால் என்ன செய்வது? கண்டெடுத்தவனுக்கு என்ன உரிமை இருக்கிறது?

தாமிரபரணி வழக்குரைஞர்

நல்ல கேள்வி. இதே கேள்விக்கு 1722இல் இங்கிலாந்தில் தீர்ப்பு வந்திருக்கிறது. சட்டக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த வழக்குகளில் ஒன்று.

புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன், கல் பதித்த ஒரு நகையைக் கண்டெடுத்தான். என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள ஒரு பொற்கொல்லர் கடைக்கு எடுத்துப் போனான். கடையில் வேலை பழகியவன் எடைபோடுவதாகச் சொல்லிக் கற்களைக் கழற்றிவிட்டான். முதலாளி சில காசுகளை நீட்டினார். சிறுவன் வாங்க மறுத்து நகையைத் திருப்பிக் கேட்டான். கல் இல்லாத வெறும் கூட்டைத்தான் கொடுத்தார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. கண்டெடுத்தவன் முழு உரிமையாளன் ஆகிவிடுவதில்லை, ஆனால் உண்மையான உரிமையாளரைத் தவிர உலகில் வேறு எவரையும்விட அவனுக்கே மேலான உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டைக் கணக்கிடும்போது, கடைக்காரர் அந்தக் கல்லைக் கொண்டுவந்து காட்டாவிட்டால், அந்தக் கூட்டில் பொருந்தக்கூடிய மிக உயர்ந்த தரக் கல் என்றே கொள்ளுங்கள் என்று நடுவர் குழுவுக்கு (ஜூரி) அறிவுறுத்தியது. படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைகிறது. கரி படிந்த ஒரு சிறுவன் பக்கம் அன்றைய நீதிமன்றம் நின்றிருக்கிறது.

ஆகவே கடைக்காரர் பிடித்துவைக்க முடியாது. இருந்தாலும் தெரிந்த கடைக்குப் போங்கள், உங்கள் கண்முன்னே எடை போடச் சொல்லுங்கள்.

அம்மன் அடியார்

வழக்குரைஞர் ஐயா உண்டியலை விட்டுவிடச் சொல்கிறார். பொன்மலையான் விஷயத்தில் அடகுச் சீட்டு இருக்கிறது, சரி. எந்தத் துப்பும் இல்லாத பொருள் என்றால்? நம் ஊர்களில் காலம் காலமாக அப்படித்தானே செய்கிறோம். தெய்வத்திடம் சேர்த்துவிட்டால் யாரும் அதை அனுபவிக்கவில்லை என்ற நிம்மதியாவது இருக்கும்.

மலர்விழி

அக்கா, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் நிம்மதி யாருக்கு? எடுத்தவருக்கு மட்டும்தான். தொலைத்தவருக்கு அதோடு கதவு மூடிவிடுகிறது. தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டு உண்டியல் விதிகள் இருக்கின்றன. உண்டியலில் விழுந்தது கோயிலுக்கே உரியது. 2024 டிசம்பரில் திருப்போரூர் கந்தசாமி கோயிலில் ஒருவரின் ஐபோன் தவறி உண்டியலில் விழுந்தபோது என்ன ஆனது என்று எல்லோரும் செய்தியில் படித்தோம். அவர் நேரில் போய்க் கேட்டும், சிம் கார்டையும் அதில் உள்ள தகவல்களையும் எடுத்துக்கொள்ளலாம், கைபேசி கோயிலுக்குத்தான் என்றார்கள். பொருளுக்கு உரியவரே எதிரில் நின்றபோதே அப்படி என்றால், யார் போட்டது என்றே தெரியாத தாலிக்கொடிக்கு என்ன வழி?

காணிக்கை என்பது நம்முடையதைக் கொடுப்பது. அடுத்தவள் கழுத்துக் கொடியை எடுத்து அம்மனுக்குப் போட நமக்கு உரிமை இல்லை.

பாத்திமா கீழக்கரை

எங்கள் மார்க்கத்தில் இதற்குத் தனிச் சட்டமே உண்டு. கண்டெடுத்த பொருளுக்கு லுக்தா என்று பெயர். நபிகளாரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, அந்தப் பை எப்படிப்பட்டது, அதைக் கட்டியிருக்கும் கயிறு எப்படிப்பட்டது என்று அடையாளம் பார்த்துக்கொள், பிறகு ஓராண்டு அறிவிப்புச் செய் என்றார்கள். பொற்கொல்லர் தெரு சகோதரர் கொக்கியைப் பாருங்கள் என்று சொன்னதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

எடுக்கலாமா, விட்டுவிடலாமா என்று மேலே பேசினீர்கள். வழிதவறிய ஆட்டைப் பற்றிக் கேட்டபோது, எடுத்துக்கொள், அது உனக்கு, அல்லது உன் சகோதரனுக்கு, அல்லது ஓநாய்க்கு என்று பதில் வந்தது. ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டபோது, அதை விட்டுவிடு, அதற்குக் குளம்பும் தண்ணீர்ப் பையும் இருக்கின்றன, உரியவர் வரும்வரை தானே மேய்ந்து பிழைத்துக்கொள்ளும் என்று பதில். நாம் எடுக்காவிட்டால் அந்தப் பொருளுக்கு என்ன ஆகும் என்பதைப் பார்க்கச் சொல்கிறார்கள். பேருந்தில் கிடந்த தங்கம் ஆட்டைப் போன்றது. கரிகாலன் அண்ணன் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

எங்கள் ஊரில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். "ஒரு பொருள் கிடைத்திருக்கிறது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

பொன்மலையான்

அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். நேரக் காப்பாளர் அறையில் எண்ணைக் கொடுத்தேன். காவல் நிலையத்தில் மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். நகை உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும், ஆள் கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கள் என்று நல்லபடியாகவே பேசினார்கள். அடகுக்கடைக்காரர் முதலில் வாடிக்கையாளர் விவரம் தர முடியாது என்றார். அது நியாயம்தான். என் எண்ணை வாங்கிக்கொண்டு அவரே அவர்களை அழைத்தார்.

துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்த அம்மாவும் கணவரும் வந்தார்கள். பொற்கொல்லர் தெரு அண்ணன் சொன்னது அப்படியே சரி. கோத்த கம்பி அறுந்ததால் ஆசாரியிடம் எடுத்துப் போயிருக்கிறார்கள். கொக்கியைப் பற்றிக் கேட்டபோது, "ஒரு பக்கம் வளைந்து, போட்டால் நகம் மாட்டும்" என்று அந்த அம்மா சொன்னார். எடுத்துப் பார்த்தேன். நகம் மாட்டியது. கடைக்காரர் முன்னிலையில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன், நிலையத்திலும் தெரிவித்துவிட்டேன்.

ஒரே சங்கடம். கணவர் ஓர் உறையை என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். கம்மலை அடகில் வைத்திருக்கிற குடும்பம். திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

இரட்டை விசில்

மகிழ்ச்சி தம்பி. அந்தப் பணத்தை அடகுக்கடைக்காரரிடமே கொடுத்து, அவர்கள் கம்மல் வட்டியில் வரவு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்கள் மானமும் காப்பாற்றப்படும், உங்கள் மனமும் நிறையும்.

தாமிரபரணி வழக்குரைஞர்

இரட்டை விசில் ஐயா சொன்னதைவிடச் சிறந்த வழி எனக்குத் தோன்றவில்லை. மற்றவர்கள் தெரிந்துகொள்ள, வெகுமதி பற்றிச் சட்டம் சொல்வதையும் எழுதிவிடுகிறேன்.

கண்டெடுத்தவர் பட்ட சிரமத்துக்கும் செலவுக்கும் உரியவர் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் பொருளைக் காக்கவும் உரியவரைத் தேடவும் ஆன செலவைத் தரும்வரை பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்க உரிமை உண்டு. உரியவர் இவ்வளவு தருவேன் என்று வெகுமதி அறிவித்திருந்தால், அதைக் கேட்டு வழக்கே போடலாம். இவை ஒப்பந்தச் சட்டத்தின் 168ஆம் பிரிவு. அடுத்த பிரிவு விற்பதைப் பற்றியது. உரியவரைத் தேடியும் கிடைக்கவில்லை, அல்லது நியாயமான செலவைத் தர மறுக்கிறார் என்றால், பொருள் அழுகிப்போகும் நிலையிலோ மதிப்பில் பெரும்பகுதியை இழக்கும் நிலையிலோ இருந்தாலோ, செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினாலோ மட்டும் விற்கலாம். கூடை மாம்பழம் விற்கலாம். தங்கம் அழுகாது.

வெகுமதியில் ஒரு நுணுக்கம். 1913இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு. கான்பூரில் ஒருவரின் உடன்பிறந்தவர் மகன் காணாமல் போனான். அவர் தன் ஊழியரைத் தேட அனுப்பினார். ஊழியர் ரிஷிகேஷில் பையனைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். இடையில், பையனைக் கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் என்று முதலாளி துண்டறிக்கை வெளியிட்டிருந்தார். அது ஊழியருக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டு வழக்குப் போட்டார். தோற்றார். அறிவிப்பைத் தெரியாமல் செய்த செயலால் ஒப்பந்தம் உண்டாகாது, தேடுவது அவருடைய வேலையின் பகுதியும்கூட என்று தீர்ப்பு. சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் அந்த முதலாளி கொடுத்திருக்க வேண்டும் என்றே நான் இன்றும் சொல்வேன்.

தோக்கியோ தமிழன்

இங்கே ஜப்பானில் இந்தச் சங்கடத்துக்கே இடமில்லை. கண்டெடுத்தவருக்குப் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. ஏழு நாளுக்குள் காவல் சாவடியில் ஒப்படைக்க வேண்டும். ரயில் நிலையம், கடை போன்ற இடத்துக்குள் கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் அங்குள்ளவர்களிடம் கொடுக்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். மூன்று மாதத்தில் யாரும் வராவிட்டால் பொருள் கண்டெடுத்தவருக்கே. கைபேசி, அடையாள அட்டை போன்றவற்றுக்கு மட்டும் அது பொருந்தாது. ஜப்பானியர் பிறவியிலேயே நேர்மையானவர்கள் என்று நம் ஊரில் பேசுகிறார்கள். தெருவுக்குத் தெரு சாவடி, எளிய படிவம், கொடுத்தவரை மரியாதையாக நடத்தும் காவலர் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. கரிகாலனின் நண்பர் இங்கே இருந்திருந்தால் இன்னும் குனிந்து எடுத்துக்கொண்டுதான் இருப்பார்.

சிராங்கூன் வாசி

சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இங்குள்ள தண்டனைச் சட்டமும் இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டதுதான், இங்கும் அது 403ஆம் பிரிவே. கீழே கிடந்த பணப்பையை எடுத்துச் செலவழித்துவிட்டு, கேமராவில் பதிவாகி, நீதிமன்றம் போய், வேலை அனுமதியையும் இழந்தவர்கள் உண்டு. கண்டால் பக்கத்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள், அல்லது கடைக்காரரிடம் சொல்லுங்கள். நூறு வெள்ளிக்காக ஊரில் உள்ள குடும்பத்தின் சோற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எழில்

இதுவரை எல்லோரும் பேசியதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. 2021இல் திருவொற்றியூரில் குப்பையில் கிடைத்த 100 கிராம் தங்க நாணயத்தை ஒரு தூய்மைப் பணியாளர் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். இப்படி ஆண்டுதோறும் செய்தி வருகிறது. உடனே ஒரு சால்வை, ஒரு படம், "வறுமையிலும் நேர்மை" என்று ஒரு தலைப்பு. ஏழைக்கு நேர்மை இருப்பது அதிசயமா? வங்கி அதிகாரி ஒருவர் கண்டெடுத்த பணத்தைக் கொடுத்தால் "வசதியிலும் நேர்மை" என்று போடுவார்களா? என் அப்பா மாநகராட்சியில் குப்பை வண்டி ஓட்டியவர். வளையலும் கொலுசும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் வேறொரு வீட்டில் எதோ காணோம் என்றதும் முதலில் விசாரித்தது அவரைத்தான். அவர்களுக்கு வேண்டியது சால்வை அல்ல. ஒப்படைத்ததற்கு ஒரு ரசீது, பணிப் பதிவேட்டில் ஒரு வரி, நிரந்தரமான ஊதியம்.

நிலைய எழுத்தர் (பணி ஓய்வு)

எழில், உங்கள் அப்பாவுக்கு நடந்ததைப் போன்றதை நானும் கண்முன்னே பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியது ஒவ்வொரு சொல்லும் நியாயம்.

கரிகாலன்

பாத்திமா சகோதரி சொன்ன ஆடும் ஒட்டகமும் என்னை யோசிக்கவைத்துவிட்டன. சரி, இரண்டு கேள்விகள். சாலையில் ஒற்றை 500 ரூபாய்த் தாள் கிடக்கிறது, சுற்றிலும் யாரும் இல்லை. அதற்கும் மனுவும் ரசீதுமா? இரண்டாவது, என் வங்கிக் கணக்கில் தெரியாத ஒருவர் தவறுதலாகப் பணம் அனுப்பிவிட்டால்?

தாமிரபரணி வழக்குரைஞர்

முதல் கேள்விக்குச் சட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு ரூபாயைக் கண்டெடுத்தவர், யாருடையது என்று தெரியாத நிலையில், எடுத்ததனால் மட்டும் குற்றவாளி ஆகமாட்டார். பழைய தண்டனைச் சட்டம் இயற்றப்பட்ட 1860இல் ஒரு ரூபாய் என்பது சில்லறைக் காசு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். பெயரற்ற தாளுக்கு உரியவரைத் தேட வழியே இல்லை. ஆனால் அருகில் டீக்கடை இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். பணப்பை வேறு, கட்டாகக் கிடக்கும் பணம் வேறு. ஏ.டி.எம். வாயில் நிற்கும் பணமும் வேறு. அதற்கு இயந்திரத்தில் பதிவு இருக்கிறது, கேமரா இருக்கிறது. உரியவரைக் கண்டுபிடிக்க முழு வழி இருக்கிறது. ஆகவே வங்கியிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, கணக்கில் தவறி வந்த பணம் கண்டெடுத்த பொருள் ஆகாது. அதற்கு ஒப்பந்தச் சட்டத்தில் 72ஆம் பிரிவு. தவறுதலாகக் கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். ஆனால் யாரோ அழைத்து, "தவறி அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்றால் அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். மோசடிக்காரர்கள் இப்படியும் வருகிறார்கள். முதலில் பணம் உண்மையில் வந்திருக்கிறதா என்று கணக்கில் பாருங்கள். வந்திருந்தால் உங்கள் வங்கியில் எழுதிக் கொடுத்து, வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். அதுவரை அந்தத் தொகையைத் தொடாதீர்கள்.

வேலூர்க்காரன்

இழை இவ்வளவு தூரம் வந்ததால் கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டு அடித்தளம் தோண்டும்போது மண்பானை ஒன்று அகப்பட்டது. உள்ளே பழைய காசுகள். தன் நிலத்தில் தானே கிடைத்தது என்கிறார். அது அவருக்கு உரியதா?

தாமிரபரணி வழக்குரைஞர்

இல்லை. அதற்குத் தனிச் சட்டம், 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்திருந்து பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதுவும் கிடைத்தால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்ற விவரத்தோடு. மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. உரிமை கோரி யாரும் நிரூபிக்காமல், பொருளை அரசும் எடுத்துக்கொள்ளாமல் விட்டால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. பொதுவாகக் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று, நிலத்துக்காரருக்கு ஒன்று. அரசு எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். 2020இல் திருவானைக்காவல் கோயிலில் தோண்டும்போது பித்தளைச் செம்பில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. அங்கேயும் அதிகாரிகள் முன்னிலையில்தான் எண்ணி, எடைபோட்டு, கருவூலத்துக்கு அனுப்பினார்கள்.

பொதுவாகத் தோண்டியவர் கூலித் தொழிலாளி, நிலம் வேறொருவருடையது. கண்டெடுத்தவர் யார் என்று எழுதும் இடத்தில் தொழிலாளியின் பெயர் விடுபட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த முக்கால் பங்கு அவருடையது.

பானையைக் கழுவ வேண்டாம். காசுகளைத் தேய்க்க வேண்டாம். இருந்தபடியே வைத்துவிட்டு, இன்றே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.